சப்பாத்துக் கழற்றாத மெஸ்யே

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு என் வயிற்றில் பிறந்தது, ஒன்று என் தங்கச்சி விட்டுப் போனது. எது எந்த வயிற்றுப் பிள்ளை என்று வீட்டுக்கு வந்த ஒருவருக்கும் தெரியாது. அப்படி வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனாலும் என் எழுத்தை எவரும் பிழை சொன்னதில்லை. கொஞ்சம் பெரிசாக எழுதுவேன், அவ்வளவுதான்.

எங்கள் மாதா கோயில் மலருக்கு, வயதுபோன ஆட்களும் எழுதலாம், மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் தகப்பனைப் பற்றி எழுதுவார்கள், பங்குச் சுவாமியைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப் போகிறது எங்கள் கீழ்வீட்டு வெள்ளைக்கார மனிசனைப் பற்றி. பேர் எழுத மாட்டேன். நான் அவரை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெஸ்யே என்பேன், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. அவர் என்னை மதாம் என்பார். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருசமும் பழகினோம்.

முதலில் அவருடைய கண்ணைச் சொல்ல வேண்டும். ஆளைப் பார்க்க முன்னம் காலைப் பார்க்கிற கண். தபால்காரன் வந்தாலும் சரி, சுவாமி வந்தாலும் சரி, கண் நேரே நிலத்துக்குத்தான் போகும். என்ன போட்டிருக்கிறார்கள், அடி தேய்ந்திருக்கிறதோ, நூல் கட்டியிருக்கிறதோ என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் முகத்துக்கு ஏறும். அதற்குப் பிறகுதான் போன்ஜூர், வணக்கம்.

அவருடைய காலில் எப்போதும் ஒரே சப்பாத்து. கணுக்காலுக்கு மேலே ஏறுகிற மண்ணிறத் தோல் சப்பாத்து. அடி பல தரம் மாற்றினது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் கதிரையில் இருந்து அதற்குக் கொழுப்புத் தடவுவார். அதையும் காலில் போட்டபடியேதான் தடவுவார். கோடை வெக்கையில் மேலே பெனியன், கீழே சப்பாத்து. குசினிக்குள்ளும் சப்பாத்து. படுக்கும்போது கழற்றுவாரோ என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அந்த வாசல் கதிரையிலிருந்து தெரு மூலை, மூலையிலிருந்து திரும்பக் கதிரை. இதுதான் அவர் போய்வந்த தூரம். சாமான் வாங்கக்கூட மூலையில் இருக்கிற டெப்பனர் என்கிற சின்னக் கடைக்கு அப்பால் போக மாட்டார். அந்தச் சப்பாத்தோடு அவர் வேறெங்கும் போய் நான் கண்டதில்லை. இதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

வீடு கார்ட்டியர்வில் பக்கம். அவருடைய சொந்த வீடு. கீழே அவர் தனிய. மேலே வாடகைக்கு நாங்கள்: மகன், மருமகள், பேத்தி ஷாமினி, நான். மேலே ஏறுவதற்கு வெளியில் ஒரு இரும்புப் படி, வளைந்து வளைந்து போகும். இந்த ஊர்க்காரருக்கு வீட்டுக்குள்ளே படி வைக்க என்ன வந்ததோ தெரியாது. மாரிக் குளிரில் அது முழுக்க ஐஸ்.

நான் வந்து இறங்கினது நவம்பரில். மகன் என்னை அந்தப் படியடியில் காரால் இறக்கினான். காலில் ரப்பர் செருப்பு, உள்ளே மருமகள் கொண்டு வந்த கம்பளி மேஸ், காலுறை. மெஸ்யே வாசலில் நின்றார். என் காலைப் பார்த்தார். நல்லாய்ப் பார்த்தார். முகத்துக்கு வரவே இல்லை. நான் விமானத்துக்கென்று நல்ல சீலை உடுத்து, தலை வாரி, செபமாலையும் போட்டு வந்தவள்.

"தம்பி, உந்தாளுக்கு முகம் எங்கை இருக்கெண்டு தெரியாதோ?" என்றேன்.

"சும்மா இருங்கோ அம்மா. வீட்டுக்காரன்."

அந்த மாரி நான் வெளியே போகவில்லை. என்னைப் பூட்டி வைத்தார்கள் என்று எழுத மாட்டேன், அது பொய். கதவுத் திறப்பு ஆணியில் தொங்கினது. கதவைத் தள்ளினால் திறக்கும். மகனைப் போல ஒரு பிள்ளை கிடைக்காது. ஆனால் எனக்குச் சப்பாத்து இல்லை. கேட்டால் அவன் ஒரே மறுமொழிதான் சொல்வான்.

"இந்தக் குளிருக்குள்ளை எங்கையம்மா போகப்போறியள்? உள்ளுக்கை சூடா இருங்கோ. பேந்து வாங்குவம்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கையைப் பிடித்து இறக்குவான், கார் படியடியில் நிற்கும். மற்ற நாளெல்லாம் உள்ளே. விடிய மருமகள் போய்விடுவாள், பிறகு மகன், பிறகு பிள்ளை பள்ளிக்கூடம். ஹீட்டர் டிக்டிக்கென்னும். பிரிட்ஜ் உறுமும், பிறகு நிற்கும், பிறகு உறுமும். கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, ஐஸில் ஒரு வட்டம் துடைத்து, அதால் தெருவைப் பார்ப்பேன். தெரு முடிவில் ஒரு கோயில் கோபுரம். மணி கேட்கும். வரச்சொல்லித்தான் அடிக்கிறார்கள், நான் எப்படிப் போகிறது? ஊரில் சண்டை நேரம் இரண்டு கையிலும் பிள்ளைகளோடு படகில் கடல் கடந்தவள் நான். ஒரு இரும்புப் படியைக் கடக்க முடியாமல் இருந்தேன்.

தை மாதம் ஒருநாள் வெறும் பால் போத்தலை வெளியே வைக்கவென்று கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு சோடி சப்பாத்து. பெண்பிள்ளைச் சப்பாத்து. கறுப்பு, உள்ளே ரோமம். புதிசு இல்லை, ஆரோ போட்டுத் தேய்ந்தது. மூஞ்சி இரண்டும் என் கதவைப் பார்த்தபடி.

இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழஞ்செருப்பை ஒருத்தியின் வாசலில் கொண்டுவந்து வைத்தால் கன்னத்தில் அறைந்தது மாதிரி. எனக்குக் காது சூடேறினது. இறங்கிப்போய் அவருடைய முகத்துக்கு முன்னால் போட்டிருப்பேன், ஆனால் படியில் ஐஸ். அதனால் சப்பாத்தை ஒரு பையில் போட்டு, உடுப்புக் காயப்போடுகிற கயிற்றில் கட்டி, கிணற்றில் வாளி விடுகிற மாதிரி மேலிருந்து விட்டேன். நேரே அவருடைய வாசல் கதிரையில் போய் இருந்தது.

பின்னேரம் மகன் சிரித்துக்கொண்டு வந்தான்.

"என்னம்மா செய்தனீங்கள்? மனிசன் கேக்குது, அளவு காணாதோ எண்டு."

"அளவோ? என்ரை வாசல்லை பழஞ்செருப்பு வைச்சவனுக்கு நான் அளவும் சொல்லவேணுமோ? நாளைக்கு விளக்குமாறும் கொண்டந்து வைப்பான்."

"இவைக்கு அப்பிடி ஒண்டும் இல்லை அம்மா. அது செத்துப்போன அவற்றை மனிசியின்ரையாம்."

"இன்னும் நல்லது. செத்தவளின்ரை."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனாள்.

அடுத்த நாள் சப்பாத்து திரும்ப என் வாசலில். துடைத்து மினுக்கி இருந்தது. நான் திரும்ப இறக்கினேன். அவர் திரும்ப ஏற்றினார். மனிசனுக்கு அப்போதே தொண்ணூறுக்குக் கிட்ட வயது. அந்த வளைந்த படியில் ஒரு கையில் பையும் ஒரு கையில் கம்பியுமாக ஏறி வருகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்கும். டொக். டொக். கதவைத் தட்ட மாட்டார். வைத்துவிட்டு இறங்கிவிடுவார். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒருநாள் பார்த்தால் உள்ளே ஒரு சோடி புது மேஸும் செருகி இருந்தது. அதற்குப் பிறகு நான் இறக்கவில்லை. உள்ளே எடுக்கவும் இல்லை. பையை வெளிக் கதவுப்பிடியில் தொங்கவிட்டேன். அது அங்கேயே உறைந்து கிடந்தது.

மாசி மாதம் எங்கள் குசினியில் பைப் வெடித்தது. அன்றைக்கு ஸ்நோ கொட்டினபடியால் பள்ளிக்கூடம் இல்லை, ஷாமினி வீட்டில். அப்போது அவளுக்குப் பத்து வயது. அவள் ஓடிப்போய்ச் சொல்ல, மெஸ்யே சாமான் பெட்டியோடு வந்தார். சப்பாத்தோடு.

"சப்பாத்து!" என்றேன் நான், கையைக் காட்டி. எங்கள் வீட்டில் பாப்பரசர் வந்தாலும் சப்பாத்து வாசலில்தான்.

அவர் சுவரில் இருந்த மாதாவைக் கண்டார். தொப்பியைக் கழற்றினார். சிலுவை அடையாளம் போட்டார்.

"தொப்பியை ஆர் கேட்டது? சப்பாத்து, சப்பாத்து!"

"அப்பாச்சி, அவர் கழட்டமாட்டாராம்" என்றாள் ஷாமினி.

"ஏனாம்?"

கேட்டாள். "கழட்டினா பைப் திருத்தேலாதாம்."

"காலாலையோ பைப் திருத்திறவர்?"

அந்தப் பிள்ளைக்கு எதை மொழிபெயர்க்கிறது, எதை விடுகிறது என்று தெரியாது. அதையும் சொல்லிவிட்டாள். மனிசன் சிரித்தார். பல்லில்லாத சிரிப்பு. அன்றைக்குத்தான் அவருடைய முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

தண்ணீரோ நிலம் முழுக்க ஓடுகிறது. என்ன செய்கிறது? கடை விளம்பரத் தாள்களை எடுத்து வாசலிலிருந்து பைப்படி மட்டும் வரிசையாக விரித்தேன். தமிழ்ப் பேப்பரும் இருந்தது, எழுத்தை மிதிக்க விட மாட்டேன். பிரெஞ்சு எழுத்து எனக்கு எழுத்தாகத் தெரியாது, எறும்பு மாதிரித்தான் தெரியும். அவர் கோழிப் படத்திலும் தோடம்பழப் படத்திலும் ஒவ்வொரு காலாக வைத்து, ஆற்றில் கல்லுக்குக் கல் தாண்டுகிற மாதிரி வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

சுவரில் கலண்டர். பார்மசியில் சும்மா தந்தது. மாதத்துக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். மாசி மாதப் படத்தை அதுவரை நான் கவனித்ததில்லை. பந்து விளையாடுகிற பொடியள் கூட்டம் என்று நினைத்திருந்தேன். நீளமான மரக்குற்றிக் கொட்டில், சுற்றிவர ஸ்நோ, முன்னால் வரிசையாக இளம் பொடியள். கையில் கோடாலி, ஸ்நோ அள்ளுகிற சவள். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒரு பக்கத்தில் வெட்டி அடுக்கின மரம்.

"கீழை என்ன எழுதிக் கிடக்கு?" என்று ஷாமினியைக் கேட்டேன்.

"காட்டு வேலை முகாமாம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளிலையாம். பேர் ஒண்டும் இல்லை."

மெஸ்யே ஈர விரலைக் கொண்டுபோய்ப் படத்தில் வைத்தார். மரம் அடுக்கின இடத்துக்குப் பின்னால் நிற்கிற பொடியன். எல்லாருக்கும் கால் தெரிகிறது, அவனுக்கு இடுப்புக்கு மேலேதான் தெரிகிறது. அவனும் சிரிக்கிறான்.

"இது தானாம்" என்றாள் ஷாமினி.

பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். அந்தக் காலம் இந்த நாட்டில் வேலை இல்லையாம். பொடியள் சாமான் ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார்களாம். அரசாங்கம் அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுக்குள் விட்டதாம், மரக்கன்று நட, நெருப்புப் பரவாமல் காடு துப்புரவாக்க, ரோட்டுப் போட. சாப்பாடு, படுக்கை, உடுப்பு, சப்பாத்து எல்லாம் கொடுத்தார்களாம்.

"பேந்தென்ன, நல்லதுதானே" என்றேன்.

அவள் அதையும் சொல்லிவிட்டாள். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். "நல்ல சாப்பாடாம் அப்பாச்சி. கதவுக்குப் பூட்டும் இல்லையாம்."

மாரி நடுவில் தாய்க்கு வருத்தம் கடுமை என்று செய்தி வந்திருக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று மேற்பார்வைக்காரனிடம் கேட்டிருக்கிறார். அவன் சொன்னானாம்: "போ. ஆரும் உன்னைக் கட்டி வைக்கேல்லை. சப்பாத்து மட்டும் அரசாங்கத்தின்ரை. அதை வைச்சிட்டுப் போ." இவர் கொண்டுவந்த பட்டணத்துச் சப்பாத்து முதல் மழையிலேயே பிய்ந்துபோனது. கோபத்தில் சப்பாத்தைக் கழற்றி அவனுடைய மேசையில் வைத்துவிட்டு மேஸோடு நடந்திருக்கிறார். ரயில் ஓடுகிற இடம் காட்டுக்கு அந்தப் பக்கம், எங்கேயோ. முற்றம் முடிய முன்னம் கால் விறைத்துப்போய்த் திரும்பி வந்துவிட்டார். அவன் சப்பாத்தை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை, மற்றவர்கள் பார்க்கட்டும் என்று வைத்திருந்தான். அந்த நாளில்தான் படம் பிடிக்க ஆள் வந்தது. காலில் சாக்குச் சுற்றியிருந்த இவரை மரத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள்.

"சிரி எண்டு சொன்னவையாம். சிரிச்சவராம்."

"தாய்?" என்று கேட்டேன்.

ஷாமினி கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஸ்நோ உருகின பிறகுதான் போனாராம். அதற்குள் தாயைப் புதைத்தும் முடிந்ததாம்.

பிறகு அவர் பைப்புக்குக் கீழே படுத்து வேலை செய்தார். சப்பாத்து இரண்டும் கோழிப் படத்தின் மேல் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழும்பினதும் அவர் என் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

"ஷாமினி, கதவிலை தொங்கிற பையை எடுத்தா."

ஹீட்டரில் வைத்து ஐஸை உருக்கிப் போட்டேன். கொஞ்சம் பெரிசு, இரண்டு மேஸ் போடச் சரியாக இருந்தது. செத்தவளின் சப்பாத்து என்று கால் ஒன்றும் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் எனக்கு முன்னால் இறங்கி, ஐஸ் உருகப் படிக்கு உப்புப் போட்டுவிட்டுச் சவளோடு கீழே நின்றார். கை தரவில்லை. என் காலை மட்டும் பார்த்தார். நான் தெரு மூலை வரை போனேன். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். திரும்பி வந்தேன். அவ்வளவுதான். அன்று பின்னேரம் வீட்டுக்குள்ளே அதே ஹீட்டர், அதே பிரிட்ஜ். ஆனால் நான் இருந்த இருப்பு வேறு.

பங்குனி வந்தது. கலண்டர் ஒற்றையைத் திருப்ப நான் விடவில்லை. சித்திரைக்கும் விடவில்லை. மருமகள் பல்லு டொக்டரிடம் போகிற நாளை இரண்டு தரம் தவறவிட்டாள்.

"மாமி, எல்லா வீட்டிலையும் ஆனி மாசம். எங்கடை குசினியிலை மட்டும் இன்னும் மாசி."

"மாசி நல்ல மாசம். இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவருடைய வாய்ப்பேச்சும் எனக்கு விளங்கத் தொடங்கினது. அவருக்கு ஒரு சொல் இருந்தது, எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வார். ஸ்நோவில் புதைந்து கிடக்கிற காரைப் பார்த்துச் சொல்வார். கதிரையடியில் தீன் பொறுக்குகிற புறாவுக்குச் சொல்வார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யிலிருந்து பார்க்க வருகிற மகள் மணிக்கூட்டைப் பார்த்தால் அவளுக்கும் சொல்வார். என்ன சொல்கிறார் என்று ஷாமினியைக் கேட்டேன். "ஆரும் உன்னைக் கட்டி வைக்கேல்லை எண்டுறார் அப்பாச்சி." சிரித்துக்கொண்டுதான் சொல்வார். படத்தில் மரத்துக்குப் பின்னால் சிரித்த அதே சிரிப்பு.

இரண்டு மாரி போனது. மூன்றாம் மாரி தொடங்க அவர் தன் குசினியில் விழுந்தார். சத்தம் எங்களுக்குக் கேட்டது, மகன்தான் ஓடிப்போய் அம்புலன்ஸ் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வரவில்லை. மகள் தன் வீட்டுக்குக் கிட்ட, லொங்குய்யில், வயதுபோன ஆட்களின் இல்லம் ஒன்றில் விட்டாள். அவள் கெட்டவள் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்த் திரிந்தாள். அந்தப் பாரச் சப்பாத்துத்தான் தட்டி விழுத்தினது என்று சொன்னாள்.

பிறகு வீட்டை விற்க ஒதுக்கினார்கள். குப்பை எடுக்கிற நாள் தெருவோரம் பெட்டி பெட்டியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த மண்ணிறச் சப்பாத்து. நான் ஜன்னலால் கண்டேன். இறங்கிப் போய் எடுத்தேன். அடுத்த தெருவில் இருக்கிற எங்கள் ஆள் ஒருவர் காரை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னக்கா, குப்பை பொறுக்கிறியளோ?"

"ஓம். உமக்கும் ஏதும் எடுத்து வைக்கவோ?"

கண்ணாடி ஏறிவிட்டது.

சப்பாத்தைக் கழுவி, துணியால் ஒற்றி, கொழுப்புக்கு எங்கே போகிறது என்று தேங்காயெண்ணெய் தடவிக் கலண்டருக்குக் கீழே வைத்தேன்.

"மாமி, சப்பாத்து குசினிக்குள்ளையோ?" மருமகளுக்குக் கண் வெளியே வந்துவிட்டது.

"வெளியிலை வைச்சா அதுக்குக் குளிரும்."

கடைசிச் சாமான் எடுக்க மகள் வந்த நாளில் ஷாமினியிடம் விசாரிக்கச் சொன்னேன். மகள் படியிலேயே இருந்து அழுதாள். அவர் கதிரையில் இருக்கிறார் இல்லையாம். விடிய எழும்பினால் வாசல் கதவடியில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். சாப்பாட்டையும் நின்றுதான் சாப்பிடுகிறாராம். கால் இரண்டும் வீங்கி, இரண்டு தரம் விழுந்தும் விட்டாராம். இப்போது கதிரையில் இருத்திப் பட்டியால் கட்டி வைத்திருக்கிறார்களாம். விழாமல் இருக்கத்தான்.

கட்டி வைத்திருக்கிறார்கள் என்ற சொல் என் காதுக்குள் நின்றுவிட்டது.

சனிக்கிழமை ஷாமினியைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ், பிறகு மெட்ரோ. லொங்குய் மெட்ரோ ஆற்றுக்குக் கீழால் போகும். தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர். மூச்சை அடக்கிக்கொண்டு மடியில் பையை அணைத்தபடி இருந்தேன். கழற்றின செருப்பைத் தொடக்கூட மாட்டேன் என்று வளர்ந்தவள், ஒரு ஆம்பிளையின் பழஞ்சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு.

இல்லம் நல்ல துப்புரவு. சூப் வாசம். வெளியிலிருந்து போனால் கதவு தானாகத் திறந்தது. உள்ளேயிருந்து போகிறதென்றால் இலக்கம் அமத்த வேண்டும். அவர் ஜன்னலடியில் கதிரையில் இருந்தார், இடுப்பில் அகலமான பட்டி. காலில் சாம்பல் நிறத் துணிச் செருப்பு. மெலிந்து பாதியாகிவிட்டார். நான் கிட்டப் போய் நின்றேன். அவருடைய கண் நேரே என் காலுக்குப் போனது. கறுப்புச் சப்பாத்து, உள்ளே ரோமம். கனநேரம் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல முகத்துக்கு ஏறினார்.

"மதாம்" என்றார்.

நான் பையைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த மகள் எழும்பிவிட்டாள். அங்கே வேலை செய்கிற ஹெய்ட்டி நாட்டுப் பிள்ளை ஒன்றும் ஓடி வந்தது. இரண்டு பேரும் கதைத்தார்கள்.

"வெளிச் சப்பாத்து உள்ளுக்குப் போடக்கூடாதாம் அப்பாச்சி. அந்த அன்ரி சொல்லுறா, சப்பாத்தைக் கண்டா அவர் ஓடிவிடுவாராம்."

நான் கையை இடுப்பில் வைத்தேன். "ஷாமினி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. வீட்டுக்குள்ளை சப்பாத்துக் கூடாதெண்டு இந்த மனிசனோடை சண்டை பிடிச்சதே நான்தான். எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனா நான் மேலை இருந்து ஜன்னலாலை பாத்துக்கொண்டு இருந்தவள், எனக்கு வேறை வேலை இல்லை. இவர் சப்பாத்தோடை இருந்த காலம் முழுக்க எங்கை ஓடினவர்? கதிரையிலை இருந்து மூலைக்கு, மூலையிலை இருந்து கதிரைக்கு. கழட்டின பிறகுதானே கதவடியிலை நிக்கிறார்?"

பிள்ளை சிவந்துபோய்ச் சொன்னாள். மகள் தகப்பனின் காலைப் பார்த்தாள். தகப்பன் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். ஹெய்ட்டிப் பிள்ளை அவளைப் பார்த்தது.

நான் காத்துக்கொண்டு நிற்கவில்லை. பையிலிருந்து விளம்பரத் தாளை எடுத்துக் கதிரைக்கு முன்னால் விரித்தேன். கோழிப் படம் தேடி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதைக் கண்டதும் அவருடைய பல்லில்லாத வாய் திறந்தது. முழங்கால் நோவோடு நிலத்தில் இருந்தேன். நான் மாதாவுக்கு முன்னால் அல்லாமல் ஒருத்தருக்கும் முழங்காலில் இருந்தவள் இல்லை. வீங்கின காலைப் பிடித்து, துணிச் செருப்பைக் கழற்றி, மண்ணிறச் சப்பாத்தை மாட்டினேன். அடியில் ஒரு துளி மண் இல்லை, அதை அந்தப் பிள்ளைக்குத் திருப்பியும் காட்டினேன். நூலைத் தளர்த்திக் கட்டினேன். தேங்காயெண்ணெய் மணத்தது. அவர் மூக்கைச் சுருக்கிவிட்டு ஏதோ கேட்டார்.

"தன்ரை சப்பாத்தைப் பொரிச்சீங்களோ எண்டு கேக்கிறார்" என்றாள் ஷாமினி.

மகள் குனிந்து பட்டியை அவிழ்த்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கதிரையின் இரண்டு கையையும் பிடித்து எழும்பினார். நின்றார். கதவைப் பார்த்தார். ஓடினால் என் மானம் போச்சு. அவர் ஒரு காலைத் தூக்கி வைத்தார், மற்றக் காலை வைத்தார், தாள் சரசரத்தது. சப்பாத்தின் பாரத்தைக் குனிந்து பார்த்தார்.

பிறகு திரும்பக் கதிரையில் இருந்தார். நல்லாய்ச் சாய்ந்து இருந்தார். மகளைப் பார்த்துத் தன்னுடைய அந்தச் சொல்லைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார்.

அவர் உயிரோடு இருந்த மட்டும் அந்தப் பட்டி திரும்ப வரவில்லை. கதிரைக்குக் கீழே ஒவ்வொரு கிழமையும் புதுத் தாள் விரித்ததாக மகள் சொன்னாள். அடுத்த கோடையில், கதிரையில் இருந்தபடியே, காலில் அந்தச் சப்பாத்தோடு போய்ச் சேர்ந்தார். கதவடி வரைகூட அவர் போகவில்லையாம்.

நாங்கள் இப்போது வேறு வீட்டில் இருக்கிறோம். மாசி மாத ஒற்றை இந்தக் குசினியிலும் இருக்கிறது. கறுப்புச் சப்பாத்து கதவடியில் இருக்கிறது, நான் நினைத்த நேரம் கோயிலுக்குப் போவேன், நினைத்தால் போகாமலும் இருப்பேன்.

ஷாமினி, இங்கை வா பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது இதுக்குத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலை இருந்து வாசி. நீ அண்டைக்குச் சொன்னதிலை எதையாவது நான் கூட்டி எழுதியிருந்தா நிப்பாட்டிச் சொல்லு. ஆறுதலா வாசி, நான் எங்கையும் போகேல்லை.